ழெர்மேன் அக்கா எடுத்துவிட்ட பத்தி

சனிக்கிழமை காலை லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போனபோதுதான் செய்தி கிடைத்தது. மரண அறிவித்தல்கள் ஒட்டும் கண்ணாடியில் கடைக்காரர் கையால் எழுதிய தாள் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முக்காலியிலிருந்து இறங்கி வந்தார்.

"தங்கச்சி, உங்களோடை வேலை செய்த பொண்டிச்சேரி மதாம் நேற்று மோசம் போயிட்டாவாம். தம்பிக்காரர் வந்து சொன்னவர்."

"வருத்தமாய்ப் படுத்திருக்கிறா எண்டு தெரியும் அண்ணை. இவ்வளவு கெதியிலை எண்டு நினைக்கேல்லை."

புதுச்சேரியைப் பிறப்பிடமாகவும் பிரெஞ்சு நாட்டின் ஸ்தேனை வதிவிடமாகவும் கொண்ட ழெர்மேன் சவரிராயன் என்று எழுதியிருந்தது. "என்ன உத்தியோகம் எண்டு போடுறது? தம்பிக்காரருக்கும் வடிவாத் தெரியேல்லை" என்று கேட்டார். எனக்கும் ஒரு சொல்லில் சொல்ல வரவில்லை. கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பொறுக்கும் மதாமாக மட்டும் அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களின் வாசகத்தைச் சரிபார்க்கும் அலுவலகம் ஒன்றில் பல வருடங்கள் எதிரெதிர் மேசைகளில் இருந்தோம். அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். என்னுடைய யாழ்ப்பாணத் தமிழைக் கேலி செய்யாத நாள் குறைவு. "ஏம்மா, நீ ஆமாங்கிறதுக்கு ஓம்னு சொல்றப்பல்லாம் பூசைக்கு வந்த மாதிரி இருக்கு. நான் கோயிலுக்குப் போறவ இல்ல, சர்ச்சுக்குப் போறவ" என்பார். நான் அவருடைய பிரெஞ்சு கலந்த தமிழைத் திருப்பிக் கேலி செய்வேன். மதியத்தில் இருவரும் பத்து நிமிடம் நடந்து லாச்சப்பலுக்குச் சோறு சாப்பிட வருவோம்.

அப்படி ஒரு நாள் சோறு பரிமாறிய கடைத் தம்பி, நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு, "உந்தச் சற்றலைட்டுக்கும் உங்களுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று கேட்டான். அக்கா சிரிக்கவில்லை. "மேல சுத்துறது எஞ்சினியருங்க வேலைப்பா. அதை யார் யார் சேர்ந்து பாத்துக்கறதுன்னு கீழ எழுதி வைக்கிறது எங்க வேலை. உன் போன்ல வழி காட்டுதே, அது சும்மா வரல" என்றார்.

அந்த நாட்களில் எங்களிடம் இருந்த கோப்பு அதைப் பற்றியதுதான். வழிகாட்டும் செயற்கைக்கோள்களில் ஒத்துழைப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியமும் தூரத்து நாடு ஒன்றும் முன்பே ஒப்பந்தம் செய்திருந்தன. பிறகு இரண்டு நாடுகள் ஒன்றியத்தில் புதிதாகச் சேர்ந்தன. பெயர் சொல்லாமல் இருப்பது எங்கள் தொழில் வழக்கம். பழைய ஒப்பந்தத்தை அவற்றுக்கும் விரிவாக்க ஒரு சிறிய இணைப்பு உடன்படிக்கை தேவைப்பட்டது. நாலைந்து பிரிவுகள்தான். அமைச்சர்கள் சந்திக்கும் நாளில் கையெழுத்தாக வேண்டும் என்று அவசரம்.

இரண்டாம் பிரிவுக்கும் மூன்றாம் பிரிவுக்கும் நடுவில் ஒரு பத்தி இருந்தது. ஒப்பந்தம் அடுத்த முறை மறுஆய்வு செய்யப்படும்வரை புதிய நாடுகள் ஒப்பந்தத்தை நடத்தும் கூட்டுக்குழுவில் பார்வையாளர்களாகக் கலந்துகொள்ளும் என்றது அது. கடமைகள் முதல் நாளிலிருந்து, வாக்கு பிறகு.

"மறுஆய்வு எப்போ? தேதி எங்க?" என்று கேட்டார் அக்கா. முழு ஒப்பந்தத்திலும் தேடினோம். எங்கும் இல்லை.

"அக்கா, உள்ளுக்கு விட்டிட்டினம்தானே. குழுவிலை கதிரை பிறகு வரும். ஒரு பத்திக்காக ஏன் மல்லுக்கட்டுறியள்?" என்றேன். அகதியாக வந்து குடியுரிமை பெற்றவள் நான். கதவு திறந்தாலே பெரிது என்பது என் உடம்பில் ஊறிய எண்ணம்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "எங்க ஊரை இந்தியாவுக்குக் குடுத்தப்ப ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து வச்சாங்க. பிரெஞ்சாவே இருக்கணும்னா கெடுவுக்குள்ள வந்து எழுதிக் குடுன்னு. எங்கப்பா குடுத்தாரு. சித்தப்பா குடுக்கல. ஒரே வீடு, நடுவுல ஒரு ஷரத்து. நான் இங்க, சித்தப்பா பொண்ணு அங்க. ஒரு பத்திதானேன்னு எங்கிட்ட சொல்லாத."

மறுநாள் கூட்டத்தில் எங்கள் மேலதிகாரி, "அந்த இரண்டு நாடுகளும் ஒப்புக்கொண்டுவிட்டன, மதாம். உங்களுக்கு என்ன கவலை?" என்று கேட்டார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "வாசலில் நிற்பவர் எதற்கும் ஒப்புக்கொள்வார், மெசியே. அதனால்தான் உள்ளே இருப்பவர்கள் படித்துப் பார்க்க வேண்டும்" என்றார். அந்த அறையில் வாசலில் நின்ற அனுபவம் எனக்கு மட்டுமே இருந்தது.

சரிபார்த்தவரின் கையொப்பம் இல்லாமல் வாசகம் வெளியே போகாது. அக்கா போட மறுத்தார். கோப்பை அவரிடமிருந்து எடுத்து என் மேசையில் வைத்தார்கள். நான் மறுக்கமாட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"என்னக்கா செய்யிறது?"

"எங்கிட்ட கேக்காத. உன் கையெழுத்து, உன் பேனா." பிறகு கொஞ்சம் இரங்கி, "போட்டாலும் உன்கூட சோறு திங்க வருவேன். பயப்படாத" என்றார்.

அன்று முழுவதும் அந்தப் பத்தியைப் புதிய நாட்டின் இடத்தில் இருந்து வாசித்தேன். மாலையில் மேலதிகாரியின் அறைக்குப் போய், என்னாலும் முடியாது என்றேன். இருவர் மறுத்த பிறகு அவருக்கு வேறு வழியில்லை. அந்த நாடுகளிடமே நேராகக் கேட்டார்கள். பதில் உடனே வந்தது. பத்தி வேண்டாம், கேட்கத்தான் தயங்கினோம் என்று. தூரத்து நாடும் மறுக்கவில்லை. பத்தியை எடுத்துவிட்டார்கள்.

கையெழுத்து விழாவுக்கு அக்காவை அழைக்கவில்லை. என்னை அனுப்பினார்கள். சடங்கு முடிந்து கூட்டுக்குழு புதிய நாடுகளோடு முதன்முறையாகக் கூடியதும் வெளியே வந்து அவரைக் கூப்பிட்டேன்.

"அக்கா, முடிஞ்சுது."

"ஒக்காந்தாங்களா?"

"ஓம். பெயர்ப்பலகையோடை, மற்ற ஆக்களுக்குப் பக்கத்திலை. வந்த உடனை கையைத் தூக்கிக் கேள்வியும் கேட்டிட்டினம்."

"என்ன கேள்வி?"

"கூட்டம் எத்தினை மணிக்கு முடியும் எண்டு."

அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து விலக்க வேண்டியிருந்தது.

அதற்காக அவருக்குப் பாராட்டு வரவில்லை, பதவி உயர்வும் வரவில்லை. ஓய்வு பெறும்வரை அதே மேசையில் இருந்தார். வருத்தம் உண்டா என்று ஒருமுறை கேட்டேன். "நான் என்ன செஞ்சேன்? ஒண்ணை எடுத்தேன். எடுத்ததுக்கு யாரும்மா மாலை போடுவாங்க?" என்றார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது குறை அல்ல.

பின்னர் இன்னொரு நாடு ஒன்றியத்தில் சேர்ந்தது. அதற்கான இணைப்பு உடன்படிக்கையை எழுத உட்கார்ந்தவர்கள் பழைய வாசகத்தை அப்படியே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். முதல் நாளிலிருந்தே முழு இருக்கை. அது எப்போதும் அப்படித்தான் இருந்தது என்றே அவர்கள் நினைக்கிறார்கள். திருத்த எனக்கு மனம் வரவில்லை. அக்காவுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியாது.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பத்தி இருந்த இடத்தைத்தான். உடன்படிக்கையை வாசிப்பவர்கள் இரண்டாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு நேராகப் போய்விடுகிறார்கள். நான் மட்டும் நடுவில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன்.