மூன்றாம் இடத்துக்கான ஆட்டம்

மைனியின் இடது கையிலிருந்த கண்ணாடி வளையல்களை முழங்கைப் பக்கமாக ஏற்றி, அம்மாவின் பழைய நூல் சேலையில் கிழித்த துணியால் நான் சுற்றிக் கட்டினேன். திருச்சியில் ஒரு கல்லூரியின் விளையாட்டு அரங்கம். கேரம் பலகைகளை இரண்டு வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கைத் தாழ இறக்கியிருந்தார்கள். அந்த வளையல்கள் பத்து நாளைக்கு முன்னால் வளைகாப்பில் போட்டவை. கழற்றக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. இடது கையால் ஆடுகிறவளுக்கு ஆடும்போது அவை கிலுங்கக் கூடாது என்பது நடுவரின் கட்டளை. "இன்னும் இறுக்கிக் கட்டுட்டி. ரத்தம் நின்னாலும் பரவால்ல, சத்தம் நிக்கணும்" என்று சொல்லிவிட்டு, மைனி ஏழு மாத வயிற்றோடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மைனி என்றால் என் அண்ணனின் மனைவி. பசுவந்தனைப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். மழையை நம்பி விதைக்கிற கரிசல்காடு. பருத்தி எடுத்து முடித்தால் அடுத்த மழைவரை காட்டில் பெரிதாக வேலை இராது. அந்த வெறும் மாதங்களைக் கழிக்க அவளுடைய அண்ணன்மார் மூன்று பேரும் சேர்ந்து ஒரு கேரம் பலகை வாங்கியிருக்கிறார்கள். ஆள் குறைந்தால் தங்கையைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் அவர்கள் மூன்று பேரும் அவளிடம் தோற்கத் தொடங்கினார்கள். கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தபோது சீர்ச் சாமான்களோடு சமுக்காளத்தில் சுற்றிய சதுரமான ஒன்று வந்து இறங்கியது. நிலைக்கண்ணாடி என்று நினைத்து அம்மா பதமாகச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிரித்துப் பார்த்துவிட்டு, "இத வச்சு என்ன செய்ய?" என்று கேட்டாள். மைனி சிரித்தாள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் மைனி பலகையில் போரிக் பவுடரைத் தூவி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். எனக்கு ஆட்டம் சுமாராகத்தான் வரும். ஆனால் ஜெயிப்பவளுக்கு எதிரே உட்கார ஓர் ஆள் வேண்டுமே. அண்ணன் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டும் கடை வைத்திருந்தான். கடையிலிருந்து வந்து அழுக்குக் கையோடு நின்றபடியே கொஞ்ச நேரம் பார்ப்பான். தூத்துக்குடியில் நடந்த மாவட்டப் போட்டிக்கு விண்ணப்பம் வாங்கி வந்து கொடுத்ததும் அவன்தான். மைனி அதில் முதலாவதாக வந்தாள். அப்போது அவளுக்கு நாலாவது மாதம், சேலையில் தெரியவில்லை. மாநிலப் போட்டி மூன்று மாதம் கழித்து என்று அறிவித்தார்கள்.

வீட்டில் பேச்சு கிளம்பியது. "வயித்துப் பிள்ளைக்காரி ஊர்விட்டு ஊர் போயி சுண்டி வெளையாடப் போறாளாக்கும்" என்றாள் அம்மா. டாக்டரம்மாவிடம் கேட்டோம். ஒரேயடியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காராமல், நடுவில் எழுந்து நடந்தால் போகலாம் என்றார் அவர். அண்ணன் யோசித்துவிட்டு, "அம்மா கூடப் போனா எனக்குச் சம்மதம்" என்றான். அம்மா மறுப்பாள் என்று நினைத்துத்தான் அவன் அப்படிச் சொன்னான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் அம்மா, "பின்ன, தனியாவா அனுப்புவேன்?" என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. கேரத்தில் நாற்காலியை விட்டு எழக் கூடாது. ஆட்டம் தொடங்கிய பின் நாற்காலியை நகர்த்தக் கூடாது. கையைத் தவிர உடம்பு பலகையில் படக் கூடாது. வயிறு வளர வளர மைனி பலகையை விட்டு ஓரோர் அங்குலமாகப் பின்வாங்க வேண்டியிருந்தது. தூரத்திலிருந்து கையை நீட்டி ஆடும்போது அத்தனை அடியும் மாறிவிடும். அதைவிட மோசம், நம் பக்கத்துச் சட்டத்தை ஒட்டி விழுகிற காய்கள். ஸ்ட்ரைக்கரை வைக்கும் கோட்டுக்கும் நமக்கும் நடுவில் காய் கிடந்தால், மற்றவர்கள் குனிந்து ஒருச்சாய்த்துப் பார்த்து அடிப்பார்கள். மைனியால் குனிய முடியாது.

மூன்று மாதம் அந்த ஒன்றை மட்டுமே அவள் பழகினாள். என் வேலை, அவளுடைய காய்களைத் தேடித் தேடி அவள் பக்கத்துச் சட்டத்தை ஒட்டித் தள்ளிவிடுவது. நான் இரக்கப்பட்டு ஒன்றை விட்டுவிட்டால் கோபம் வரும். "அங்கன வர்றவ ஒன்ன மாதிரி பாவம் பாப்பாளா?" என்பாள். முதலில் ஸ்ட்ரைக்கரை எதிர்ச் சட்டத்தில் மோதித் திருப்பி எடுத்துப் பார்த்தாள். பத்தில் மூன்று விழும். பிறகு கட்டைவிரலால் பின்பக்கமாகச் சுண்டப் பழகினாள். கட்டைவிரல் நகக்கண் வீங்கிப்போய், அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள். திட்டிக்கொண்டேதான் போட்டாள். ஏழாம் மாதம் பிறந்தபோது பத்தில் எட்டு விழுந்தது.

திருச்சியில் முதல் மூன்று சுற்றையும் மைனி தாண்டினாள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அம்மா பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்து, அரங்கத்தின் ஓரமாக இரண்டு தடவை நடக்க வைத்துக் கூட்டி வருவாள். அரையிறுதியில் எதிரே சென்னையிலிருந்து வந்த, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. பல வருடம் மாநிலத்துக்காக ஆடியவர். மைனி நாற்காலியைப் போட்டிருந்த இடத்தைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மைனியின் காய்களை ஒவ்வொன்றாக மைனி பக்கமே ஒதுக்கினார். நான் வீட்டில் செய்ததை அவர் நூறு மடங்கு திறமையாகச் செய்தார். இரண்டு நாளில் ஆட்டத்தை ஒருவழியாகப் புரிந்துகொண்டிருந்த அம்மா பொறுக்கமாட்டாமல், "குனிய முடியாதுன்னு தெரிஞ்சே வைக்கா பாரு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். நடுவர் திரும்பி முறைத்தார். மைனி தலையைத் திருப்பாமல், "அத்தை, அது ஆட்டம். நானா இருந்தாலும் அங்கனதான் வைப்பேன்" என்றாள். எதிரே இருந்தவர் ஒரு கணம் கையை நிறுத்தி மைனியைப் பார்த்தார். அடுத்த காயையும் அங்கேயேதான் வைத்தார். மைனி தோற்றாள்.

மறுநாள் காலை மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். தேசியப் போட்டிக்கு மாநில அணியில் மூன்று பெண்கள் போவார்கள். அந்த மூன்றாவது ஆளை இந்த ஆட்டம்தான் தீர்மானிக்கும். தேசியப் போட்டி இரண்டு மாதம் கழித்து வடக்கே ஓர் ஊரில். மைனிக்கு அது பேறுகாலம். போட்டியை நடத்தியவர்களில் ஒரு பெரியவர் எங்களிடம் வந்து மரியாதையாகவே பேசினார். "எப்படியும் உங்களால போக முடியாதும்மா. ஆடலேன்னு எழுதிக் குடுத்துட்டா உங்களோட ஆட வேண்டிய பொண்ணு போயிரும். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்." எனக்கு அது நியாயமாகப்பட்டது. மைனியின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. "மைனி, எழுதிக் குடுத்துருவோம்" என்றேன். அம்மாகூடத் தலையாட்டினாள். மைனி அந்தப் பெரியவரிடம், "ஆடுதேன் சார்" என்றாள்.

எதிரே வந்தது மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண். ஒல்லியாக, ஒரு சடை போட்டு, மைனியின் வயிற்றைப் பார்க்காமலிருக்க மிகவும் சிரமப்பட்டாள். முதல் ஆட்டத்தில் மைனியின் பக்கம் அவள் ஒரு காயைக்கூட ஒதுக்கவில்லை. ஒதுக்க வசதியாகக் கிடந்த காயையும் விட்டுவிட்டு வேறொன்றை அடித்தாள். மைனி சுலபமாக ஜெயித்தாள். ஜெயித்தவளின் முகம் கடுகடுவென்று இருந்தது. இடைவேளையில் அந்தப் பெண்ணின் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில், "எம்மா, எனக்காக ஆடாத. பின்னால வை. வச்சுட்டு எடுக்கேனா இல்லயான்னு பாரு" என்றாள்.

அந்தப் பெண் முகம் சிவந்து போனாள். இரண்டாவது ஆட்டத்தில் வேறொருத்தி வந்து உட்கார்ந்தது போலிருந்தது. வைத்த காய் ஒவ்வொன்றும் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மைனி இரண்டு காயை எடுத்தால் ஒன்று சிக்கிக்கொள்ளும். அந்த ஆட்டம் கல்லூரிப் பெண்ணுக்குப் போனது. மூன்றாவதில் இருவரும் இழுபறியாக ஏறி, இருபத்து நாலுக்கு இருபத்து நாலில் வந்து நின்றார்கள். இனி ஒரு புள்ளி எடுத்தவருக்கு ஆட்டம். பலகையில் ரெட் என்கிற சிவப்புக் காய் போய்விட்டது. ஆளுக்கு ஒரு காய் மிச்சம். அந்தப் பெண்ணின் காய் குழியின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தைகூடத் தள்ளிவிடலாம். மைனியின் காய் அவளுடைய வயிற்றுக்கு நேர் எதிரே, சட்டத்தை ஒட்டி. அடுத்த அடி மைனியுடையது.

ஸ்ட்ரைக்கரை வைத்தாள். கட்டைவிரலை மடக்கினாள். சட்டென்று கையை எடுத்துவிட்டாள். வலது கையால் வயிற்றைத் தடவி, "சத்த நேரம் இரு" என்றாள். உள்ளே இருந்தது உதைத்திருக்கிறது. நடுவருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். அந்தக் கல்லூரிப் பெண் வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டாள். மைனி மூச்சை விட்டு, காத்திருந்து, மறுபடியும் கட்டைவிரலை மடக்கினாள். நான் பலகையைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். மரத்தில் உரசி ஓடும் சத்தமும், குழிக்குள் வலையில் விழும் மெத்தென்ற சத்தமும் கேட்டன. அம்மா, "விழுந்துட்டு" என்றாள்.

அந்தப் பெண் மேசையிலேயே தலைகவிழ்ந்து அழுதாள். மைனி மெல்ல எழுந்து போய் அவள் முதுகில் கை வைத்தாள். பிறகு அந்தப் பெரியவரிடம், "எனக்குப் பதிலா இந்தப் பிள்ளைய அனுப்புங்க சார். எழுதித் தாரேன்" என்றாள்.

கோவில்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. மதுரை தாண்டியதும் கேட்டேவிட்டேன். "கடைசில அவளத்தான அனுப்புதீங்க? காலையிலேயே குடுத்திருந்தா அந்தப் பிள்ள அழுதிருக்காதுல்லா?" மைனி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள். வெளியே உழுது போட்ட காடு மழைக்குக் காத்துக் கறுத்துக் கிடந்தது. அதைப் பார்த்தபடியே, "பிள்ள பொறந்த பொறவு இந்தக் கை என்னவாகும்னு யாருக்குத் தெரியும்? இன்னைக்கு நான் எத்தனாவது ஆளுன்னு எனக்குத் தெரியணும்லா" என்றாள். அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் பதிலை நான் அன்று பிடிவாதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆபீசிலும் வீட்டிலும் எத்தனையோ இடங்களில், உனக்கு எதற்கு அலைச்சல் என்று யாராவது மரியாதையாகச் சொன்ன உடனே எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கிறேன். நல்ல குணம் என்று பெயரும் வாங்கியிருக்கிறேன். அந்த இடங்களில் எல்லாம் நான் எத்தனாவது ஆள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மைனிக்குத் தெரியும். அவள் பயந்தது போலவே, அதற்குப் பிறகு மாவட்டத்தில் சில வருடம் ஆடினாளே தவிர, மாநிலத்தில் கடைசி நாலு பேருக்குள் வரவில்லை. இப்போது அண்ணன் கடையில் உட்கார்ந்து வியாபாரத்தைக் கவனிக்கிறாள். அதைப் பற்றி ஏக்கமாக ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

தேசியப் போட்டி தொடங்கியபோது மைனி பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தாள். "அந்தப் பிள்ள என்ன ஆனான்னு பாத்துட்டு வா" என்று எனக்கு உத்தரவு. தினமும் ஆபீஸ் போகும் வழியில் நூலகத்துக்குள் நுழைந்து, ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட்டுக்கு அடியில், எறும்பு எழுத்தில் இருக்கும் முடிவுகளைத் தேடுவேன். முதல் நாள் ஜெயித்திருந்தாள். இரண்டாம் நாளும் ஜெயித்திருந்தாள். மூன்றாம் நாள் பேப்பரில் கேரம் பற்றி ஒரு வரியும் இல்லை. அன்றைக்குத்தான் மைனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலி எடுத்துப் பிரசவ அறைக்குள் கொண்டுபோகும்போதுகூட, "இன்னைக்கு போடலயாட்டி?" என்று கேட்டாள். உடன்வந்த நர்ஸ் என்ன ஏதென்று புரியாமல் என்னைப் பார்த்தார்.

நாலாம் நாள் காலை அந்த வரியைப் பார்த்ததும் நான் ஆபீஸுக்குப் போகவில்லை. ஒரு துண்டுத் தாளில் புள்ளிகளை எழுதிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலில் மைனி ஒருச்சாய்ந்து படுத்திருந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றிய குழந்தை. அம்மா பழத்தட்டை வைத்துக்கொண்டு நின்றாள். "மைனி, காலிறுதிக்குப் போயிட்டா. போன வருசம் நாட்டுக்கே முதலா வந்தவளத் தோக்கடிச்சிட்டா" என்றேன். மைனி எழுந்து உட்காரப் பார்த்து, வலியில் முகம் சுளித்தாள். "புள்ளி சொல்லு." வாசித்தேன். முதல் ஆட்டம் போயிருந்தது. அடுத்த இரண்டும் அவளுக்கு. "பின்னால வச்சிருப்பா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கண்ணை மூடி, விரலால் போர்வையின் மேல் எதையோ மெல்லச் சுண்டினாள்.

பிறகு தாளை என்னிடமிருந்து வாங்கினாள். குழந்தை அப்போதுதான் முழித்துக்கொண்டு வாயைக் கோணிற்று. அந்தச் சுருங்கிய முகத்தின் அருகே குனிந்து, தாளைக் காட்டி, "ஏட்டி, கேட்டியா? இந்த அக்காவ நாம ரெண்டு பேரும் சேந்து செயிச்சோம்" என்றாள் மைனி.