லண்டன் தொடர்புக்கு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. அன்று விடிகாலையில் காபிகூடக் குடித்திருக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

2007, ஜூலை. அக்காவின் கணவர் மாணிக்கவேல் என்னையும் இழுத்துக்கொண்டு லண்டன் போனார். கீழ்க்கட்டளையில் தன் அப்பா உழுத வயலை மனைகளாகப் பிரித்து விற்றவர். மகன் விக்கி லண்டனில் படிக்கிறான், அவனைப் பார்க்க என்று ஊருக்குச் சொன்னார். உண்மை வேறு. ஆவணியில் கிரகப்பிரவேசம். பத்திரிகையில் 'லண்டன் தொடர்புக்கு' என்று விக்கியின் நம்பரை அச்சடித்துவிட்டார். தாம்பூலப் பையிலும் அதேதான். அச்சடித்த பிறகு லண்டனில் நாலு பேரையாவது அழைக்க வேண்டாமா?

விக்கியின் அறைத் தோழர்கள் மூன்று பேர். அதோடு லண்டன் முடிந்தது.

மீதி நாட்களில் மாமா மியூசியம் மியூசியமாக ஏறி இறங்கினார். டிக்கெட் இல்லை. வெளியே மழை. உள்ளே பெஞ்சும் சுத்தமான கழிப்பறையும் உண்டு. ஆறு நாளில் ஒன்பது. ஒரு படத்தின் பெயரும் நினைவில்லை. கழிப்பறைகள் எந்தெந்த மாடியில் என்று இன்றும் சொல்வார்.

ஏழாம் நாள், மாலை 4.50. மூடும் நேரம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு சின்ன ஓவியக்கூடம். கடைசி அறையில் ஒரே ஒரு படம். சாம்பல் நிறக் கவுன் போட்ட பெண், ஜன்னலைப் பார்த்து நிற்கிறாள். நமக்குத் தெரிவது முதுகுதான். கீழே அட்டையில், 'பெயர் தெரியவில்லை.'

"இன்னா மச்சான், ஓசில காட்டுறான்ல... அதான் மூஞ்சி இல்ல போலகீது."

என் கையில் ஒரு பத்திரிகை மிச்சம். மூலையில் மஞ்சள் தடவியது. விளையாட்டுக்குத்தான் செய்தேன். படத்துக்கு அடியில் சுவரோரமாக அதை வைத்து, கைகூப்பினேன்.

"குடும்பத்தோட அவசியம் வந்துடணும்."

மாமா உரக்கச் சிரித்தார். அவ்வளவு பெரிய காலி அறை. எதிரொலியே இல்லை.

ஆவணி, வியாழக்கிழமை. முகூர்த்தம் காலை 4.30.

அக்கா கோகிலவாணி இருபத்து மூன்று வருஷம் கூட்டுக் குடும்பத்தில், ஓரகத்திகளோடு ஒரே அடுப்படியில் இருந்தவள். "இந்த வூட்லயாவது நான் நிம்மதியா இருப்பனா தம்பி?" என்று முந்தின நாள் கேட்டாள். இருப்பாய் என்றேன்.

4.55. ஹோமப் புகை ஹாலை நிரப்பியது. ஐயர் உட்பட எல்லாரும் இருமினோம்.

ஜன்னலோரம் ஒருத்தி மட்டும் இருமவில்லை. முதுகைக் காட்டி நின்றாள். சாம்பல் நிறக் கவுன்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, ஃபாரின் கெஸ்ட்! வீடியோக்காரர இட்டுனு வா!"

"யாரு மாமா கூப்பிட்டது?"

"நீ கூப்டல?"

"இல்ல."

"அப்ப உங்கக்காவா இருக்கும்." கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு போனார். "வெல்கம் மேடம்!"

அவள் திரும்பவில்லை. "கூச்ச சுபாவம்" என்று திரும்பி வந்தார்.

5.30. நின்றாள்.

6.40. எல்லாரும் இட்லி சாப்பிட்டோம். நின்றாள். அந்த ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. இரண்டடியில் பக்கத்து வீட்டுச் சுவர்.

7.50. வாசலில் நான் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டம். கைகளை மட்டும் பார்த்து, எல்லாருக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு கை...

பின்பக்கமாக நீண்டது.

படியிறங்கியவள் திரும்பாமலே கேட்ட கை. பையை மாட்டினேன். விரல் பட்டது. சில்லென்று இருந்தது. பெயின்ட் வாசனை.

புது வீடுதானே... என்று நினைத்தேன்.

மாலை 5.40. விக்கி போன் செய்தான்.

"மாமா, இங்க ஏதோ கேலரில நம்ம பத்திரிகைய வச்சிட்டு வந்தீங்களா?"

"ஏன்டா?"

"அங்கருந்து கூப்ட்டாங்க. காலைல திறக்கும்போது ஒரு படத்துக்குக் கீழ மஞ்சப் பை இருந்துச்சாம். பத்திரிகைலயும் பையிலயும் என் நம்பர் போட்டிருக்குன்னு... இப்ப என் கையிலதான் இருக்கு. யார்கிட்ட குடுத்து அனுப்பினீங்க?"

போனைக் காதில் வைத்தபடியே அந்த ஜன்னலைப் பார்த்தேன்.

"மாமா... வெத்தல இன்னும் வாடவே இல்ல."

அன்று ராத்திரி புது வீட்டில் படுப்பது முறை. அக்கா ஹாலில் பாய் விரித்தாள். அந்த ஜன்னலோரம். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் வாயைத் திறக்கவில்லை. இன்று வரை.

எனக்குப் பயம் அந்தக் கவுன்காரி வந்ததில் இல்லை. விசேஷ வீட்டு வாசலில் யாரையும் 'போங்க' என்று சொல்லக் கூடாது. அதனால் எல்லாருக்கும் சொன்னதைத்தான் அவளுக்கும் சொன்னேன்.

"போயிட்டு வாங்க."

இரண்டு வருஷம் ஒன்றுமில்லை. போன வாரம், பகல் 11.15. மாமா வெளியூர். அக்காவிடமிருந்து போன்.

"ஹால்ல புதுசா பெயின்ட் வாசன வருது தம்பி. அடிக்கவே இல்லயே..."

கிரகப்பிரவேசத்தன்று அந்தக் கவுன்காரி தனியாகத்தான் வந்திருந்தாள். பத்திரிகை வைத்தபோது நான் எப்படி அழைத்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஹால்ல மட்டுமாக்கா?"

போனில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. நடந்து பார்க்கிறாள் போலிருக்கிறது.

"இல்ல தம்பி... எல்லா ரூம்லயும்."