தூண் வைத்த பேங்க்

புத்தளத்தில் பழைய பேங்க் கட்டிடத்தின் தூண் ஒன்றை இடிக்கத் தொடங்கியிருந்தார்கள். சுண்ணாம்பு மணம் தெருவரை வந்தது. உம்மாவுடன் அங்கே போன நாளில், புதிதாக வெள்ளையடித்த சுவரிலும் இதே மணம்தான்.

போர்க்காலத்தில், முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த வருடம் அது. உம்மாவிடம் மிஞ்சியிருந்த ஒரு சோடிக் காப்பை அடகு வைக்கப் போனோம். உயர்ந்த தூண்களைக் கண்டதும் உம்மா படியிலேயே செருப்பைக் கழற்றினார்.

"இது பள்ளிவாசல் இல்ல தங்கச்சி, பேங்கு," என்று காவலாளி சிரித்தார்.

"இரிக்கட்டும் நானா. எங்கட வீடுதான் போச்சு. இந்தத் தூண் ஒருநாளும் விழாது. காப்பு பத்திரமா இரிக்கும்."

மீட்க வழியில்லாமல் காப்பு ஏலத்தில் போனது. அதன் பிறகு உம்மா அந்தத் தெருவால் நடக்கவேயில்லை.

இன்று ஓர் ஆசிரியை கட்டிடத்தைக் காப்பாற்றக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"வெள்ளைக்காரன் காலத்து வேலைப்பாடு. இப்பிடி ஒண்டு இனிக் கட்ட ஏலாது. போடுங்களேன்."

கையெழுத்துப் போட்டேன். தாளில் 'ஏன் காப்பாற்ற வேண்டும்?' என்றிருந்த கட்டத்தில், 'ஊரை இழந்து வந்த எங்கள் உம்மா முதலில் நம்பிய இடம்' என்று எழுதத் தொடங்கி, பாதியில் வெட்டிவிட்டேன். கையெழுத்தை வெட்டவில்லை.