கண்ணாடி அடுப்பின் மேல் ஒரு வழக்கு

நாங்கள் இருக்கும் ஜெர்மன் சிற்றூரில், சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெட்டில் ஒன்றின் படம். மேலே சிவப்பில் 'ரூக்ரூஃப்' என்று ஒரு சொல். மொழி வகுப்பில் அந்தச் சொல்லை நான் வேறு அர்த்தத்தில் படித்திருந்தேன்: போனில் கிடைக்காதவரைப் பிறகு திரும்பக் கூப்பிடுவது. கெட்டிலை யார் கூப்பிடப்போகிறார்கள் என்று புரியாமல் கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். விற்ற பொருளைக் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்கிறது, கைப்பிடி சூட்டில் கழன்றுவிடலாமாம், என்றாள். "எத்தனை பேருக்கு அடிபட்டது?" என்றேன். என் வீட்டிலும் அது இருக்கிறது, பயந்து கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. "பயப்படாதீர்கள், கொண்டு வாருங்கள், பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை." மறுபடியும் கேட்டேன். "நீமண்ட்" என்றாள். ஒருவருக்கும் இல்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமலே ஒரு பொருளைத் திரும்ப அழைக்கிற ஊரில் வாழக் கிடைத்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வாயெல்லாம் கசந்தது. வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தக் கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்காது. இங்கே வருவதற்கு முன்னால் பாரிவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தோம், நானும் கணவர் செந்திலும். பூந்தமல்லியில் ஒரு பாய் நடத்திய அடுப்புக் கடையில், மேலே கண்ணாடி பதித்த கேஸ் அடுப்பு ஒன்று வாங்கினேன். கறுப்புக் கண்ணாடி, குனிந்தால் முகம் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பால் காய்ந்துகொண்டிருந்தது. கரண்டியை எடுக்கக் கை நீட்டினேன். சத்தத்தை முதலில் கேட்டேனா, ரத்தத்தை முதலில் பார்த்தேனா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. கண்ணாடி கத்தி கத்தியாகப் பிளந்து கிடந்தது. செந்தில் கேஸை மூடிவிட்டு, என் கையைத் துண்டால் சுற்றி, கீழே இழுத்துக்கொண்டு ஓடினார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். "யக்கா, கையத் தூக்கிப் புடி. கண்ண மூடாத, எதுனா பேசிகினே வா." நான் பேசிக்கொண்டே போனேன். என்ன பேசினேன் என்று செந்திலைக் கேட்டால், "பால் பொங்கிடுச்சா, பால் பொங்கிடுச்சான்னு கேட்டுட்டே இருந்தே" என்கிறார்.

நரம்பைத் தைத்தார்கள். விரல் திரும்பவில்லை. கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்தால், "திரும்பக் கூப்பிடுறோம் மேடம்" என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது. கடைசியில் ஏரியா மேனேஜர் என்று ஓர் இளைஞர் வந்தார். என் கையைப் பார்க்கவில்லை. சமையல் மேடையைத்தான் பார்த்தார். "சூடா இருக்கும்போது ஈரத்துணியால தொடச்சிருப்பீங்க மேடம். லேடீஸ் எல்லாரும் பண்ற தப்புதான்." கீழே வண்டியில் ஒரு புது அடுப்பு இருக்கிறது, அதே மாடல், இலவசம், ஒரு கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றார். எந்தக் கையால் போடுவது என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் ஜோக் அடித்ததாக நினைத்துவிட்டார்.

அன்றைக்கு என்னுள் மூண்டதற்கு நியாய உணர்வு என்று கௌரவமாகப் பெயர் வைக்கலாம். வைக்க மாட்டேன். அது பழி வாங்கும் வெறி. அந்தச் சிரிப்பைத் துடைத்தெறிய வேண்டும் என்ற வெறி. உடைந்த கண்ணாடித் துண்டுகளை முறுக்கு டின்னில் போட்டு மூடி, அம்பத்தூரில் பரிமளா என்ற வக்கீலிடம் கொண்டுபோனேன். அவர் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உனக்கு நஷ்டஈடு வேணுமா, பழி வாங்கணுமா?" என்றார்.

"ரெண்டும் வேணும் மேடம்."

"அப்ப சரி. வெறும் நஷ்டஈடு கேக்கிறவங்க பாதியில ஓடிப்போய்டுவாங்க."

கம்பெனியோடு விற்ற கடையையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும் என்றார். சேர்க்கச் சொன்னேன். கடைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்த பாயின் முகம் அப்போது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. வரட்டும் என்று கையெழுத்துப் போட்டேன், இடது கையால்.

வழக்கு நடக்கும்போதே செந்திலுக்கு இங்கே வேலை கிடைத்தது, பிறகு எனக்கும். இங்குள்ள நம்மவர்கள் பொங்கலுக்குக் கூடும்போது என் கையைப் பார்ப்பார்கள், கதையைக் கேட்பார்கள், பிறகு தவறாமல் ஒரே வார்த்தையைச் சொல்வார்கள்: விட்டுடுங்க. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் எதற்கு அந்த ஊர்க் குப்பை? இதைப் படிக்கிற உங்களில் சிலரும் அதைத்தான் சொல்வீர்கள். ஊரை விட்டவர்கள் ஊரின் அநியாயத்தையும் விட்டுவிட வேண்டும் என்பது புலம்பெயர்ந்தவர்களிடையே எழுதாத சட்டமாக இருக்கிறது. விமான டிக்கெட் மன்னிப்புச் சீட்டு அல்ல என்று நான் அவர்களிடம் சொல்வேன். பேச்சு அத்தோடு சாம்பார் பக்கம் போய்விடும்.

கம்பெனியும் அந்த எழுதாத சட்டத்தைத்தான் நம்பியிருந்தது. மனுதாரரை நேரில் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று அவர்களுடைய வக்கீல் கேட்டார். வெளிநாட்டிலிருந்து இவள் எங்கே வரப்போகிறாள் என்ற தைரியம். வந்தேன். திருவள்ளூரில், நுகர்வோர் ஆணையத்தின் சின்ன அறையில், மின்விசிறிக்குக் கீழே நின்றேன்.

"இப்ப எங்கே இருக்கீங்க?" என்றார் கம்பெனி வக்கீல்.

"ஜெர்மனியில."

"வேலைக்குப் போறீங்களா? கம்ப்யூட்டர்ல டைப் பண்றீங்களா?"

"பண்றேன்."

"அப்போ வாழ்க்கை முன்னவிட நல்லாதானே இருக்கு? இழப்புன்னு எதைச் சொல்றீங்க?"

"எத்தனை விரலால டைப் பண்றேன்னு கேளுங்க சார்" என்றேன். அவர் கேட்கவில்லை. ஆணையத் தலைவர் கேட்டார். கையை மேஜையின் மேல் வைத்துக் காட்டினேன். அவர் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வெளியே அந்தக் கையை உற்றுப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்ட முதல் ஆள் அவர்தான்.

வெளியே வராந்தாவில் பாய் உட்கார்ந்திருந்தார். "என்னையும் சேத்துட்டியேம்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஒனக்கு முன்னாடியே ரெண்டு ஊட்ல இதே மாதிரி ஒடைஞ்சிகீது. நான் கம்பெனில சொன்னேன். வாய மூடிகினு வித்தா ஏஜென்சி இருக்கும், இல்லாட்டி புடுங்கிடுவோம்னாங்க."

"நான் கேஸ் போடலைன்னா இதைச் சொல்லியிருப்பீங்களா பாய்?"

"மாட்டேம்மா."

உண்மையைச் சொன்னதற்காக அவரை மன்னிக்கலாம் என்று தோன்றியது. உண்மையைத்தான் சொல்லிவிட்டாரே என்று மன்னிக்க முடியாமலும் இருந்தது. உள்ளே போய் அதையே அவர் சாட்சியாகச் சொன்னார், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். ஆய்வகத்துக்குப் போன என் டின்னும் பதில் சொன்னது: ஒழுங்காகப் பதப்படுத்திய கண்ணாடி உடைந்தால் கற்கண்டு மாதிரி சின்னச் சின்னதாக உதிர வேண்டும், இது அப்படிப் பதப்படுத்தப்படவில்லை. ஈரத்துணியின் மேல் போட்ட பழி அத்தோடு விழுந்தது.

உடனே கம்பெனி சமாதானம் பேசியது. நான் கேட்டதைவிடக் கூடுதலாகவே தருவார்களாம், வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு, இதைப் பற்றி எங்கும் பேசாமல் இருந்தால். செந்தில் வாங்கிக்கொள்ளலாம் என்றார். "உன் கை போச்சு. மனசையாவது காப்பாத்திக்கோ." மாட்டேன் என்றேன். இந்த வழக்குக்காக நானும் செந்திலும் உண்மையாகச் சண்டை போட்டது அன்றைக்குத்தான். பேசாமல் இருப்பதற்கு விலை வைத்தவர்களை நான் பேச வைக்காமல் விடுவதாக இல்லை. தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது, மேல்முறையீட்டிலும் நின்றது. கேட்டதைவிடக் குறைவாகத்தான் நஷ்டஈடு. வந்தது, வீட்டுக் கடனுக்குள் போய் மறைந்தது. ஆனால் தீர்ப்பில் இன்னொரு வரி இருந்தது: அந்த மாடலை எல்லாக் கடைகளிலிருந்தும் கம்பெனி தன் செலவில் அகற்ற வேண்டும். பாய்க்கு எச்சரிக்கை மட்டும்.

போன பனிக்காலத்தில் ஒரு பிற்பகல், இங்கே பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது பாயிடமிருந்து வீடியோ அழைப்பு. "பாத்தியாம்மா, வண்டி வந்துகீது. அல்லாத்தையும் ஏத்திகினு போறானுங்க." பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், கடை வாசலில், ஒரு குட்டி லாரி. ஆட்கள் அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில், கையில் கிளிப்போர்டோடு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார் அன்று சிரித்த அதே ஏரியா மேனேஜர். "கிட்ட காட்டுங்க பாய், அவர் மூஞ்சியக் காட்டுங்க" என்றேன். காட்டினார். நான் சத்தமாகச் சிரித்தேன். நல்ல சிரிப்பு இல்லை அது, எனக்கே தெரியும். பக்கத்தில் நின்ற ஜெர்மன் பாட்டியம்மாள் தானும் சிரித்து, "குழந்தை பிறந்திருக்கிறதா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அப்போது காதுக்குள் ஒரு ஹார்ன் அலறியது. சட்டென்று பின்னால் துள்ளி ஒதுங்கினேன். அது பூந்தமல்லி பஸ், போனுக்குள் லாரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எனக்காக வந்த பஸ் சத்தமே இல்லாமல் வந்து, கதவைத் திறந்து, பாட்டியம்மாளை ஏற்றி, கதவை மூடிக்கொண்டு பனியில் போய்க்கொண்டிருந்தது.