இருபத்தைந்தாவது அட்டை

வில்லாபுரத்தில் பதினெட்டு வருடமாக அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடித்தாகிவிட்டது. நான் அச்சடித்த எதையும் கண்டு நானே பயந்ததில்லை, ஒன்றைத் தவிர. அது உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு சின்ன அட்டை.

எங்கள் சபையில் ஜனவரி முதல் தேதி காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். பெரிய எவர்சில்வர் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பியிருக்கும். ஜெபம் பண்ணிவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருக்கிற வசனம் அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குக் கொடுத்த வார்த்தை என்று எடுத்துக்கொள்வோம். கோயிலுக்கு வராதவர்களுக்காக வீட்டு ஆட்கள் எடுத்துப் போவதும் உண்டு. அந்த அட்டைகளை அச்சடித்துக் கொடுப்பது நான்தான்.

ஒரு தாளில் இருபத்தைந்து அட்டை வெட்டலாம். போன வருடத்துக்குப் பாஸ்டர் எழுதிக் கொடுத்த வசனங்கள் இருபத்துநான்கு. எல்லாமே ஆசீர்வாதம், செழிப்பு, உயர்வு. ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. காலியாக விட என் கை ஒத்துக்கொள்ளாது. பாஸ்டருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. சரி என்று நானே ஒரு வசனத்தைப் போட்டுவிட்டேன். ஆழமான தண்ணீரைக் கடந்துபோகும்போதும் நான் உன்னோடு இருப்பேன் என்று ஆண்டவர் சொல்கிற வசனம். என் மனைவி ஐ.சி.யூ.வில் கிடந்த நாட்களில் நான் பிடித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

அந்த அட்டை தங்கப்பொண்ணு கைக்குப் போனது.

தங்கப்பொண்ணு எங்கள் தெருவுக்குப் பின்னால் குடியிருக்கிறாள். அப்பளக் கம்பெனியில் வேலை. பிறந்தது உசிலம்பட்டிக்கு மேற்கே, நிலபுலம் உள்ள குடும்பம். புருசன் முத்திருளன் கிணறு வெட்டுகிறவர். ஆறேழு ஆட்களை வைத்துக்கொண்டு பழைய கிணறுகளைத் தூர்வாருவார், ஆழப்படுத்துவார். ஒரே மகள் தமிழ்வாணி. பிள்ளைக்கு மூன்று வயதாக இருக்கும்போது தங்கப்பொண்ணுக்கு டி.பி. வந்து, திருநகருக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்தாள். பிறந்த வீட்டிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த எங்கள் சபை அம்மா ஒருத்திதான் தன் கஞ்சியில் பாதியை இவளுக்கு ஊற்றி, தலையில் கை வைத்து ஜெபித்தாள். கடைசியில் அந்த அம்மா செத்துப்போனாள், இவள் பிழைத்துக்கொண்டாள். அது ஏன் என்று இவளுக்கு விளங்கவே இல்லை. ஆனால் அந்த அம்மாவின் ஆண்டவரை விடக்கூடாது என்று மட்டும் முடிவு பண்ணிவிட்டாள்.

ஞானஸ்நானம் வாங்கிய அன்றிலிருந்து அண்ணன் சுருளி பேச்சை முறித்துக்கொண்டார். பதினோரு வருடம். தமிழ்வாணி சடங்குக்குத் தாய்மாமன் சீர் வரவில்லை. அவர்கள் ஜனத்தில் அதைவிடப் பெரிய தலைகுனிவு கிடையாது. வேறு யாராவது சீர்த்தட்டு வைக்கட்டுமே என்று சிலர் சொல்லியும் தங்கப்பொண்ணு ஒத்துக்கொள்ளாமல், அந்த இடத்தைக் காலியாகவே விட்டு மகளை உட்கார வைத்தாள். முத்திருளனோ மனைவியின் சாமி விஷயத்தில் தலையிடுவதில்லை. “நீ கும்புட்டுக்க. என்னை மட்டும் முழங்கால் போடச் சொல்லாத. நாள் முழுக்க கெணத்துக்குள்ள குத்தவச்சு முட்டி தேஞ்சுபோச்சு” என்பார்.

ஜனவரி இரண்டாம் தேதி கடை திறந்ததும் தங்கப்பொண்ணு வந்து நின்றாள். முகம் செத்திருந்தது.

“பிரஸ்ஸுண்ணே, இந்த அட்டை வேணாம்ணே. வேற ஒன்னு குடுங்க.”

“ஏன், கிழிஞ்சிருக்கா?”

“அவுகளுக்குன்னு எடுத்தேன். ஆழம், தண்ணின்னு வந்திருக்கு. அவுக வேலை என்னன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் ஊரில் பூக்கேட்பார்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த பூ வந்தால் காரியத்தில் இறங்குவார்கள், மாறி வந்தால் இறங்கமாட்டார்கள். மனசு கேட்காதவர்கள் மூன்று தடவைகூடக் கேட்பார்கள். ஞானஸ்நானம் வாங்கிப் பதினோரு வருடமாகியும் இவள் இன்னும் பூத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று பட்டது.

“இது என்ன கோடாங்கிகிட்ட குறி கேக்குறதா? மாத்தி மாத்தி எடுக்குறதுக்கு லாட்டரிச் சீட்டா?” என்று கத்தினேன். அவள் அட்டையை மணிபர்ஸில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த வசனத்தைக் கடைசி வரைக்கும் படித்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் என்னை விடவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பயம் குடியேறியது. பிப்ரவரியில் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிணற்றில் கிரேன் கயிறு அறுந்து, கல் அள்ளுகிற தொட்டி உள்ளே விழுந்தது. முத்திருளன் பத்து நிமிடம் முன்னால்தான் மேலே ஏறியிருந்தார். மார்ச்சில் அவருடைய ஆள் ஒருவனுக்கு உள்ளே மூச்சு முட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு செய்திக்கும் தங்கப்பொண்ணு பர்ஸைத் திறந்து அட்டையைப் பார்ப்பாளாம். ஆழம், தண்ணீர் என்ற இரண்டு சொல்லோடு கண் நின்றுவிடும். அவர் வேலைக்குக் கிளம்புகிற நாளில் பைக் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல எழுந்து நின்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஏப்ரலில் சுருளி போன் பண்ணினார். தங்கைக்கு இல்லை, மாப்பிள்ளைக்கு. தோட்டத்துக் கிணறு தூர்ந்து கிடக்கிறது, ஆறு வருடமாக யாரும் இறங்கவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். போனை வைக்கப்போகும்போது, “அதையும் கூட்டிட்டு வாங்க மாப்ள” என்றாராம். பேர்கூடச் சொல்லவில்லை, ‘அது’தான். தங்கப்பொண்ணு அன்றைக்கு முழுக்க அழுதாள். பதினோரு வருட ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. அதுவும் ஒரு கிணறு வழியாகவா வரவேண்டும்? அட்டையில் வந்த ஆழம் இந்தக் கிணறுதான் என்று அவள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

இனி நான் எழுதுவதெல்லாம் அவளே என்னிடம் சொன்னது.

முத்திருளன் தன் ஆட்களோடு போனார், தங்கப்பொண்ணும் கூடப் போனாள். கிணறு எழுபதடி. கீழே கிடந்த தண்ணீரை இறைக்க ஆயில் என்ஜினை உள்ளே பாதி ஆழத்தில் இருந்த மேடையில் இறக்கிவைத்து, விடியற்காலையிலிருந்து ஓட்டியிருக்கிறார்கள். இடுப்பளவுக்குத் தண்ணீர் குறைந்ததும் என்ஜினை நிறுத்தினார்கள். என்ஜின் புகை கிணற்றுக்குள்ளேயே தங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. முத்திருளனுக்கு இதில் ஒரு முறை உண்டு. என்ஜினை நிறுத்தி ஒரு மணி நேரம் யாரையும் இறங்க விடமாட்டார். வேப்பங்கொப்புகளைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் அடித்துக் காற்றைக் கலைப்பார். பிறகு அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கீழே இறக்குவார். விளக்கு அணைந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. இருபது வருடத்தில் இதை ஒரு தடவைகூட அவர் மீறியதில்லை.

அவர் கொப்பு ஒடிக்கப் போனபோது தங்கப்பொண்ணு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் கறுப்பாகத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே சாய்ந்துவிட்டாள். பொய்தான். புருசனை அந்தக் கிணற்று வாயிலிருந்து பிடித்து இழுக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. முத்திருளன் கொப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவளைப் புளியமரத்தடிக்குத் தூக்கிப்போய் விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்.

சுருளிக்குப் பொறுமை கிடையாது. கிரேன் மத்தியானம் வேறு கிணற்றுக்குப் போக வேண்டும். “என் கெணறு, எனக்குத் தெரியாதா? நான் எறங்கிச் சேறு எம்புட்டு இருக்குன்னு பாக்குறேன்” என்று தொட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் தடுத்தும் கேட்கவில்லை, கிரேன்காரனை அதட்டி இறக்கச் சொன்னார். கொப்பும் அடிக்கவில்லை, விளக்கும் இறக்கவில்லை. தொட்டி கீழே போனது. ஒரு இருமல் கேட்டது, அப்புறம் தண்ணீரில் எதுவோ விழுந்த சத்தம். மேலே இருந்தவர்கள் கத்திக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை.

தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டார்கள். வர அரைமணி ஆகும் என்றார்கள். முத்திருளன் கிணற்றடியில் நின்று உள்ளே பார்த்தார். சுருளி தொட்டிக்கு வெளியே சரிந்து, சுவரில் சாய்ந்தபடி கழுத்தளவு தண்ணீரில் கிடந்தார். இன்னும் கொஞ்சம் சரிந்தால் முழுகிவிடுவார். அந்த ஆட்களில் இப்படிப்பட்ட காற்றில் இறங்கத் தெரிந்தவர் முத்திருளன் ஒருவர்தான். அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் மரத்தடியிலிருந்து எழுந்து வந்து நின்றிருந்தாள்.

“நெஞ்சுவலி எப்படி இருக்கு?” என்றார்.

“வலியே இல்லங்க. பொய் சொன்னேன்.”

அவர் திட்டவில்லை. மூக்கில் கட்டிக்கொள்ளத் துண்டைத் தண்ணீரில் நனைக்க ஆரம்பித்தார். அவள் மட்டும் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார். இதை அவளே என்னிடம் சொன்னாள். அண்ணனைத் தொட்டியில் ஏற்றியது தன் பொய்தான் என்பதும், புருசனை அனுப்பினால் திரும்பி வருவார் என்று யாரும் சொல்லவில்லை என்பதும் அந்த நேரத்தில் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பர்ஸைத் திறந்து அட்டையை எடுத்து அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

“என்ன எழுதிருக்கு?” என்று கேட்டார். அவருக்கு வாசிக்க வராது.

அவள் அதைத் திரும்ப எடுத்து, நாலு மாதத்தில் முதல் தடவையாகக் கடைசி வரைக்கும் படித்தாள். “ஆழத் தண்ணிக்குள்ள போகும்போது நானும் ஒன்கூட இருப்பேன்னு சாமி சொல்லுது.”

“பொழச்சு வந்துருவேன்னு எழுதலையா?”

“எழுதலங்க.”

“சரி” என்றார்.

“போங்க. எங்கண்ணனைத் தூக்கிட்டு வாங்க” என்றாள் தங்கப்பொண்ணு.

அவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார். அதன் மறுமுனையைத் தங்கப்பொண்ணு பிடித்துக்கொண்டாள். சுருளியைத் தொட்டியில் ஏற்றிக் கட்டி, தொட்டிக் கயிற்றை இரண்டு தடவை இழுத்து அடையாளம் காட்டினார். தொட்டி மேலே வந்தது. சுருளிக்கு மூச்சு இருந்தது. அடுத்து அவரைத் தூக்க வேண்டும். சுருளியைக் கட்டக் கயிறு போதாமல் தன் இடுப்புக் கயிற்றையும் அவிழ்த்துக் கட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. தங்கப்பொண்ணு பிடித்திருந்த கயிற்றின் மறுமுனை அண்ணனோடு மேலே வந்திருந்தது; கீழே முத்திருளன் மயங்கிச் சரிந்துவிட்டார். தீயணைப்புக்காரர்கள் வந்து எடுத்தபோதும் உயிர் இருந்தது. பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். கண் திறக்காமலே போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்க அவளும் சுருளியும் என் கடைக்கு வந்தார்கள். சுருளி உள்ளே வராமல் வாசலில் பைக் பக்கத்திலேயே நின்றார். எனக்கு அவர் மேல் கோபம், என் மேல் கோபம், யார் யார் மேலோ கோபம். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் நான் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன்.

“கூட இருப்பேன்னு ஆண்டவர் சொன்னாரே, இருந்தாரா?”

சபையில் முன்வரிசையில் உட்காருகிறவன் கேட்கிற கேள்வியா இது? அவள் கோபப்படவில்லை.

“நான் மேல கயித்தைத்தாண்ணே பிடிச்சிருந்தேன். கீழ அவுக கையை யாரு பிடிச்சிருந்தாகன்னு நான் எப்படிப் பாக்க? ஆனா பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா எனக்குக் கஞ்சி ஊத்துனப்பவும் நான் சாமியைப் பாக்கல. நம்புறேண்ணே. அம்புட்டுத்தான்.” சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நானும் அழுதேன்.

இந்த வருடத்துக்கும் பாஸ்டர் இருபத்துநான்கு வசனம்தான் கொடுத்தார். அந்தப் பழைய வசனத்தைப் போட எனக்குத் தைரியமில்லை. களஞ்சியம் நிரம்பும் என்பது மாதிரி யாருக்கும் கெடுதல் செய்யாத ஒன்றைப் போட்டுக் கட்டத்தை நிரப்பினேன்.

ஜனவரி இரண்டாம் தேதி கடை திறந்ததும் தங்கப்பொண்ணு வந்து நின்றாள். வெளியே சுருளி பைக்கில் உட்கார்ந்திருந்தார். ஞாயிறுதோறும் தங்கையைக் கோயிலுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசலிலேயே காத்திருந்து கூட்டிக்கொண்டு போகிறவர். உள்ளே வரமாட்டார். கிணறு இருக்கிற பக்கமே இப்போது போவதில்லை, தோட்டம் காய்ந்து கிடக்கிறது என்று கேள்வி.

“நேத்துத் தட்டுல அம்புட்டு அட்டையையும் பெரட்டிப் பாத்தேண்ணே. எங்கண்ணனுக்கு எடுக்க. அந்த வசனம் இல்ல. நீங்கதான எடுத்துட்டீக?”

நான் மேஜையில் கிடந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

“அதை எடுத்துட்டா, எறங்கித்தான் ஆகணும்னு இருக்குறவுக எதைப் பிடிச்சுக்கிட்டுண்ணே எறங்குவாக?”

மெஷினைப் போட்டேன். ஒரே ஒரு அட்டைதான் அடித்தேன். மை காயும் வரைக்கும் அவள் நின்றாள். பிறகு அதை வாங்கிக்கொண்டு போய், தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அண்ணனின் சட்டைப்பையில் வைத்தாள்.