தெரு முனையில் நிற்காத பஸ்

என் மகள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். கம்பெனி பஸ் எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் போகும். இறங்குகிறவர்கள் டிரைவருக்குக் குரல் கொடுக்க வேண்டும். இவள் கொடுக்க மாட்டாள். நாலு பேர் இறங்கும் அடுத்த ஸ்டாப் வரை போய், லாரி ஓடுகிற ரோட்டோரமாகத் திரும்பி நடந்து வருவாள். பால்காரர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

கேட்டதற்கு, "எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கம்மா" என்றாள். காலையில் எழுந்ததிலிருந்தே சாயங்காலம் எப்படி இறங்குவது என்ற கவலைதானாம். நெஞ்சு படபடக்குமாம், கை வேர்க்குமாம்.

இதை என் வீட்டுக்காரரின் அக்காவிடம் சொன்னேன். வந்தது வினை. "காத்து கருப்புதான். ஆடி வெள்ளிக்குக் கோயில்ல உக்கார வச்சா சரியாப் பூடும்" என்றாள் நாத்தனார். நாலு கண் பார்த்தால் நடுங்குகிற பிள்ளையை ஊர்க் கூட்டத்துக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். முடியைப் பிடித்து, வேப்பிலையால் அடித்து, "யார் நீ, பேரைச் சொல்லு" என்று கத்தினார்கள். நாத்தனார் அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். நான் தினமும் விளக்கேற்றுகிறவள், வெள்ளி விரதம் தவறாதவள். சொல்கிறேன், அன்றைக்கு அங்கே அம்மன் இல்லை. பிள்ளையை அழவைத்து வேடிக்கை பார்க்கவா அவள் கோயில் கொண்டிருக்கிறாள்?

அதற்கப்புறம் மகள் வாசலுக்குக்கூட வரவில்லை. வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சூப்பர்வைசர் போன் செய்தார். பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன்.

"பேயும் இல்ல, திமிரும் இல்ல. இது ஒரு நோய்ம்மா. கொஞ்சம் மாத்திரை, நெறைய பழக்கம்" என்றார். முதலில் கடையில் அவளே கேட்டு வாங்க வேண்டும். அவளுக்காக நான் பேசக் கூடாது. எத்தனையோ விரதம் இருந்திருக்கிறேன், வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பது போல் கஷ்டமான விரதம் ஒன்று இல்லை.

நாத்தனார் வந்து குதித்தாள். "பைத்தியத்துக்கா வைத்தியம் பாக்கற? நாளைக்கு எவன் கட்டுவான் இவள?"

"நீங்க அனுப்பின வீடியோவப் பாத்துட்டு மட்டும் வரிசையில வந்து நிப்பானுங்களா?" என்றேன்.

மகள் மெல்ல மெல்லத் தேறி மறுபடி வேலைக்குப் போனாள். போன வாரம் பஸ் தெரு முனையைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நின்றது. டிரைவர் சத்தம் வாசல் வரை கேட்டது. "இத்தினி நாளா வாயில கொழுக்கட்டையாம்மா வச்சிகினு இருந்த?"

முகமெல்லாம் வேர்வையாக வீட்டுக்குள் வந்தாள். அன்றைக்குப் பார்த்து நாத்தனாரும் வந்திருந்தாள். "பாத்தியா! ஆத்தா கோயில்ல பட்ட அடி வேலை செய்யுது" என்றாள்.

எனக்கு வாய் துடித்தது. அதற்குள் மகள், "அத்தே" என்றாள். குரல் நடுங்கியது. "அந்த வீடியோவ அழிங்க. இப்பவே. என் எதிர்லயே அழிங்க."

நாத்தனார் என் முகத்தைப் பார்த்தாள். நான் பேசவில்லை. அவள் போனை எடுக்கும் வரை மகள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.