தேவநேசனுக்குப் பதில் நான் சொன்னேன்

நான் கதை கட்டுகிறவன் அல்ல. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். ஆனால் 1940 டிசம்பர் 18, 19 தேதிகளில் நடந்ததை மட்டும் என்னால் இல்லை என்று சொல்ல முடியாது. என் காதாலேயே கேட்டேன்.

அப்போது எங்கள் கல்லூரியில் யு.டி.சி. இருந்தது. பல்கலைக்கழகம் மாணவர்களுக்குக் கொடுத்த பட்டாளப் பயிற்சி. வாரத்தில் இரண்டு நாள் டிரில், வருஷத்துக்கு ஒரு முறை பத்து நாள் முகாம். சண்டை நடந்துகொண்டிருந்ததால், யு.டி.சி. பையன்களுக்கு ஆபீசர் வேலை கிடைக்கும் என்று பேச்சு. ராஜபாளையத்தில் பஞ்சு மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் அப்பா, என்னை அந்த உடுப்பில் பார்ப்பதிலேயே உயிரை வைத்திருந்தார். முகாமிலிருந்து விரட்டிவிட்டால் எல்லாம் போச்சு.

அந்த வருஷ முகாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மம்சாபுரம் போகிற வழியில். என் கூடாரத்துக் கூட்டாளி செட்டியார்பட்டி தேவநேசன். வகுப்பில் அவனுக்கு நான் ஆஜர் சொல்வேன், எனக்கு அவன் சொல்வான். மூக்கால் பேசும் அவன் குரலை நான் அப்படியே எடுத்துவிடுவேன். அவனே விழுந்து விழுந்து சிரிப்பான்.

18-ஆம் தேதி. பகல் 2:20.

"ஏலே வேதம், மம்சாபுரத்துல எங்க அக்காவுக்குக் காய்ச்சலாம். செத்த நேரம் பாத்துட்டு வாரேன். ஆறு மணி ரோல்காலுக்குள்ள வந்துருவேன்."

"வரலேன்னா?"

"அதுக்குத்தான் நீ இருக்கேல்லா."

சிரித்துக்கொண்டே வேலிக்குப் பின்னால் குறுக்குப் பாதையில் இறங்கினான்.

மாலை 6:00. மேற்கு மலைக்குப் பின்னால் வெயில் இறங்கி இருட்டத் தொடங்கிவிட்டது. அவன் வரவில்லை. ஹவில்தார் லாந்தரைப் பிடித்துக்கொண்டு பெயர் வாசித்தார். பொய்யாக ஆஜர் சொன்னால் சொன்னவனும் வெளியே.

"கேடட் தேவநேசன்!"

முகவாயைத் தாழ்த்தி, அவன் குரலில் இழுத்து, லேசான நடுக்கத்தோடு, "சார்!" என்றேன்.

ஹவில்தார் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

7:15-க்குச் சாப்பாட்டு வரிசையில் பக்கத்துக் கூடாரத்துக் கண்ணுச்சாமி சொன்னான். "தேவநேசனா? ராஜபாளையத்துக்குப் படம் பாக்கப் போறேன்னு காலையிலயே சொன்னானே. இனி மொத பஸ்ஸுலதான் வருவான்."

அக்காவாம், காய்ச்சலாம்! என் அப்பாவின் கனவைப் பணயம் வைத்து இங்கே நான் குரல் கொடுக்கிறேன். அவன் காலை நீட்டிப் படம் பார்க்கிறான். துரோகி. காலை ரோல்காலில் வாயே திறப்பதில்லை, மாட்டிக்கொண்டு முழிக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டுத் தூங்கினேன்.

விடியற்காலை 5:10. ஒரு சத்தம் எழுப்பியது.

சர்ர்ர்... சர்ர்ர்...

மண் சரிகிற சத்தம். அவன் படுக்கைப் பக்கமிருந்து.

"வந்துட்டியாலே?"

தீக்குச்சி கிழித்துப் பார்த்தேன். ஆள் இல்லை. போர்வை மேல் ஒரு கை அளவு செம்மண். ஈரமாக... சில்லென்று...

பூட்ஸிலிருந்து கொட்டிவிட்டு வெளியே போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

5:55. வரிசை. பனி. என் இடது பக்கம் அவன் இடம் காலி.

6:00.

"கேடட் தேவநேசன்!"

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு வினாடி... இரண்டு...

"சார்!"

என் இடது காதுக்குப் பக்கத்தில்.

திரும்பினேன்.

யாரும் இல்லை...

அது தேவநேசனின் குரலும் இல்லை. நேற்று நான் போட்ட குரல். அதே இழுப்பு. அதே நடுக்கம்.

வலது பக்கம் நின்ற கண்ணுச்சாமி கிசுகிசுத்தான். "ஏம்லே, இன்னைக்கும் நீதானா?"

நான் வாயையே திறக்கவில்லை.

8:40-க்கு ஆடு மேய்க்கும் கருத்தையா ஓடி வந்தார். நாங்கள் வரிசை நிற்கும் மைதானத்தை ஒட்டிய கள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் பாழுங்கிணறு ஒன்று இருந்தது. அதற்குள் கிடந்தான் தேவநேசன். காலும் விலாவும் முறிந்திருந்தன. போன சிறிது நேரத்திலேயே விழுந்திருக்கிறான். உடனே சாகவில்லை. விடிகிற வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

அவனுடைய அக்கா ஜெயபாய் மம்சாபுரத்தில் காய்ச்சலோடு அவனுக்காகக் காத்திருந்தார். கண்ணுச்சாமி ஓட்டை வாயன். அவன் உளறினாலும் அக்கா வீட்டுக்கு யாரும் தேடி வரக்கூடாது என்றுதான் தேவநேசன் அவனிடம் சினிமா என்று சொல்லியிருக்கிறான். என்னிடம் சொன்னது உண்மை.

முந்தின நாள் மாலை நான் சும்மா இருந்திருந்தால் லாந்தரோடு ஐம்பது பேர் தேடியிருப்பார்கள்.

அன்று சாயங்காலம் கருத்தையாவிடம் மெல்லக் கேட்டேன். கயிறு கட்டிக் கிணற்றில் இறங்கி அவனைத் தூக்கியவர் அவர்தான்.

"அவன் கத்தியிருக்க மாட்டானா?"

"கத்தியிருப்பாரு, தம்பி. ஆழம் அம்புட்டு. கீழ கத்துனா மேல கேக்காது."

ஆடுகளைக் கம்பால் திருப்பிவிட்டார். பிறகு சொன்னார்.

"ஆனா மேல பேசுனா கீழ கேக்கும். இன்னைக்கு ஒம்பது மணிக்கு மறுபடி பேரு வாசிச்சாகல்லா? நான் கிணத்துக்குள்ள நின்னேன். ஒவ்வொரு பேரும் கேட்டுச்சு, தம்பி. பழகுன ஆளா இருந்தா, அதுக்கு யாரு 'சார்'னு சொன்னாங்கிறதுகூடக் குரலை வச்சே தெரிஞ்சிருக்கும்."